இரண்டு பொட்டலமும் வெள்ளை

என் உடம்புக்கும் மலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. துடியலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்தே செம்புக் கம்பிக் காயில் சுற்றி, நானும் ஒரு காயில் மாதிரி ஆகிவிட்டேன். கடையிலிருந்து வீட்டு மாடி ஏறுவதற்கே நடுப்படியில் ஒரு தடவை நின்று, செல்போன் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன். அப்படிப்பட்ட நான் ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரட்டைக்கொண்டை மலை ஏறினேன் என்றால், அதற்கு ஒரே காரணம் என் மகள் நித்யஸ்ரீ.

நித்யஸ்ரீயும் மிதுனும் ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். இரண்டு வருஷமாகப் பழக்கம். மிதுனின் அப்பா வெள்ளியங்கிரி, சத்தியமங்கலம் பக்கம் வாழையும் மஞ்சளும் போடுகிறவர். அவருக்கு ஜாதகத்தில் குறை தெரியவில்லை, எங்களிடத்திலும் குறை தெரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"எங்கூட்டு வழக்கமுங்க. கொண்டைமலை வேலப்பர்கிட்டப் பூ கேட்டுப்போடலாம். வாக்கு வந்தா தை மாசம் முகூர்த்தம். வரலீன்னா, சங்கடப்படாம விட்டுப்போடலாமுங்க."

பூ கேட்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். யாராவது கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். கிணறு வெட்டுவதற்கு, கடை திறப்பதற்கு, ஆபரேஷன் செய்வதற்குக்கூடக் கேட்பவர்கள் உண்டு. அதனால் நானும் "ஆகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த "விட்டுப்போடலாமுங்க" மட்டும் ஒரு மாதமாக எங்கள் வீட்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. நித்யஸ்ரீ சாப்பாட்டைக் குறைத்தாள். நான் கூட்டினேன்.

பையன் வீட்டார் வழக்கப்படி மேலே போவது இரண்டு அப்பாக்கள் மட்டும். பொட்டலம் கட்டிக்கொண்டு வருவது பெண்ணைப் பெற்றவன்.

நான் யோக்கியன். பழைய காப்பரைப் புதுசு என்று ஒரு நாளும் சுற்றிக் கொடுத்ததில்லை. ஆனால் அன்று காலையில் என் வீட்டுக்காரம்மா ஒரு தட்டில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வைத்துவிட்டு, பால் பொங்குகிறதென்று உள்ளே ஓடினாள். தட்டும் நானும் தனியாக இருந்தோம். மகளுடைய வாழ்க்கையைப் பாதிக்குப் பாதி என்று விடுவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளைதான் நல்ல வாக்கு. இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். செவ்வரளியைக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்தேன். கை கழுவும்போது கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

கிளம்பும்போது நித்யஸ்ரீ என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள். "அப்பா, நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா போயிட்டு வந்தாப் போதும்."

மலையடிவாரத்தில் வனத்துறைக் காவலர் ஐயாசாமி எங்கள் பெயரை நோட்டில் எழுதி, காட்டில் எறியாமல் திரும்பக் கொண்டுவருவதற்காகத் தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டினார். என் வயிற்றைப் பார்த்துவிட்டு மூங்கில் தடி ஒன்றையும் கொடுத்தார்.

"சுண்ணாம்பு அடிச்ச கல்லு பாத்தே போங்க. கல்லு இல்லாத எடத்துல காலு வெக்காதீங்க. நாலு மணிக்கெல்லாம் கீழ இருக்கோணும். அப்பறமேல்ட்டு ஆனை எறங்கும். கோயிலு பெரிய கொண்டையில. சின்னக் கொண்டையில ஒண்ணுமில்ல, கொரங்குதான்."

வெள்ளியங்கிரிக்கு வயது என்னைவிட நான்கு அதிகம். மலைப் பெயரை வைத்துக்கொண்டு பிறந்த மனுஷன், அதற்குத் தகுந்த மாதிரியே ஏறினார். நான் மோட்டாரில் காற்றுப் பிடித்த மாதிரி இரைந்துகொண்டு பின்னால் போனேன். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தனக்குத்தான் களைப்பு என்பதுபோல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். நான் பக்கத்தில் வந்ததும், "போலாமுங்களா?" என்பார். "நீங்க முன்னால போங்க." "இல்லீங்க, நீங்க போங்க." இப்படியே பாதி மலை கழிந்தது. சம்பந்தி என்று கூப்பிடலாமா கூடாதா என்று இரண்டு பேருக்கும் தெரியாததால் இருவருமே "ஏனுங்க"விலேயே காலம் தள்ளினோம்.

ஒரு பாறை மேல் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். கீழே பவானி ஆறு வெயிலில் ஈயம் உருகி ஓடுவதுபோல் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க பெரிய அம்மிணி, மிதுனுக்கு அக்கா, மோகனப்பிரியாவுக்கும் இங்கதானுங்க கேட்டோம். செவப்பு வந்துச்சு. நல்ல வாக்குன்னு சொல்லி அடுத்த மாசமே கல்யாணத்த முடிச்சுப்போட்டோம். எட்டே மாசமுங்க. பொட்டியத் தூக்கீட்டு ஊட்டுக்கு வந்துட்டா."

ஒரு மனுஷன் தன் நெஞ்சில் கிடந்ததை எடுத்துப் பாறை மேல் வைத்திருக்கிறான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அடடா" என்றாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது நிறம் மட்டும்தான்.

"செவப்புங்களா?"

"ஆமாங்க."

"செவப்புத்தான் நல்ல வாக்குங்களா?"

"எங்களுக்கு எப்பவுமே செவப்புத்தானுங்க. வெள்ள வந்தா வேண்டாம்னு அர்த்தம். ஏனுங்க, உங்களுக்கு?"

"எங்களுக்கும்..." என்று ஆரம்பித்து, புளிச்சோற்றை வாயில் அடைத்துக்கொண்டேன்.

முப்பது வருஷமாக சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒயர் பார்த்துப் பார்த்து இணைத்தவன் நான். ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்து மோட்டாரை எரித்ததில்லை. மகள் கல்யாணத்தில்தான் எரிக்கக் காத்திருந்தேன். தோள்பையில் இரண்டு பொட்டலம். இரண்டும் வெள்ளை. சாமி எதை எடுக்கச் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் வரும். ஏமாற்றாமல் இருந்திருந்தால் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும். அதையும் நானே என் கையால் கறிவேப்பிலைக்கு உரமாகப் போட்டுவிட்டேன்.

இனிமேல் ஒரே வழி. போகிற போக்கில் ஒரு சிவப்புப் பூவைப் பறித்து, மறைவாகப் பொட்டலத்தை மாற்றுவது. பாதை ஓரம் முழுக்க உண்ணிச்செடி. பூவுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் மஞ்சளும் ரோசும். சிவப்புக்கு மட்டும் அன்றைக்கு விடுமுறை. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உள்ளே, ஒரு புதரில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தால் யாரோ போட்ட பிஸ்கட் கவர். அடுத்த புதரில் தெரிந்தது காய்ந்த இலை. அதற்கடுத்தது பாறையில் பூத்திருந்த பாசி. நான் போகப் போக அவரும் பின்னாலேயே வந்தார். எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிற்பாடுதான் சொன்னார். "குறுக்கு வழி தெரிஞ்சவரு போலன்னு நெனச்சேனுங்க. கேட்டா உங்களச் சந்தேகப்படற மாதிரி ஆகிருமுல்லங்க."

நானோ, வழி தப்பினால் அவர் சொல்லமாட்டாரா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இரண்டு மரியாதைக்காரர்கள் சேர்ந்து, சுண்ணாம்புக் கல் ஒன்றுகூட இல்லாத காட்டில் முக்கால் மணி நேரம் நடந்தோம். கையெல்லாம் முள் கீறல். மேகம் வந்து மூடியது. விலகியபோது வலப்பக்கம் இருந்த சூரியன் இடப்பக்கம் இருந்தது. சூரியன் மாறியதா நாங்கள் மாறினோமா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு சரிவில் கடைசியாக ஓர் உண்ணிப்பூக் கொத்து கிடைத்தது. ஒரு பக்கமிருந்து பார்த்தால் சிவப்பு. இன்னொரு பக்கமிருந்து பார்த்தால் ஆரஞ்சு. எது கிடைத்ததோ அது என்று பறித்துச் சட்டைப்பையில் போட்டேன்.

அதற்கு மேல் ஏற்றம் முடிந்து உச்சி வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். ஏறிவிட்டேனே என்று பெருமைப்படுவதற்குக்கூட நேரமில்லை.

"சித்த ஒதுங்கீட்டு வாரேனுங்க" என்று சொல்லி ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாரை அவிழ்த்து முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். எந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன் என்ற சந்தேகத்தில் இரண்டாவதையும் பிரித்துவிட்டேன். இரண்டும் வெள்ளைதான் என்பது எனக்கே தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

"ஏனுங்க, கோயிலு இங்க இல்லீங்க, அக்கட்ட இருக்..."

வெள்ளியங்கிரி பாறையைச் சுற்றி வந்து நின்றார். என் மடியில் பிரித்த இரண்டு வாழை இலைத் துண்டுகள். இரண்டிலும் வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டை.

அவர் குனிந்து இரண்டு இலையையும் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"பொண்ணு குடுக்க இஷ்டமில்லீன்னா நேராச் சொல்லியிருக்கலாமுங்களே. இத்தன தூரம் சாமி மேல பழியப் போட வந்திருக்க வேண்டாமுங்க."

"ஐயோ, அப்படி இல்லீங்க."

"ரெண்டும் வெள்ளைங்க."

"எங்கூட்டுல வெள்ளதானுங்க நல்ல வாக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"வெள்ளையா?"

"ஆமாங்க."

"அப்ப ரெண்டும் வெள்ளைன்னா?"

"எத எடுத்தாலும் சரின்னு வருமுங்க."

"அப்ப கள்ளம் பண்ணிப்போட்டீங்க."

"ஆமாங்க."

"கெடுக்கறதுக்கில்ல. குடுக்கறதுக்கு."

"என்ற புள்ள மேல சத்தியமாங்க. இப்பத்தான் புளிச்சோறு திங்கறப்ப நீங்க செவப்புன்னீங்க. அதுக்குத்தான் இத்தன நேரம் செவப்புப் பூத் தேடீட்டு இருந்தேன். குறுக்கு வழியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எந்த வழியும் தெரியாது." சட்டைப்பையிலிருந்து உண்ணிப்பூவை எடுத்துக் காட்டினேன். நசுங்கிப்போயிருந்தது.

அவர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். சிரிப்பார் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்று இன்னொரு பக்கம். இரண்டும் நடக்கவில்லை.

"நான் கள்ளம் பண்ணலீங்க" என்றார். "மோகனப்பிரியாவுக்கு நல்லபடியாத்தான் கேட்டேன். செவப்பு வந்துச்சு. பிரிச்சுப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டேன். சாமியே சொல்லிருச்சேன்னு, பையன் ஊட்டப் பத்தி நாலு பேர்த்துகிட்ட வெசாரிக்கக்கூட இல்லீங்க. வெசாரிச்சா சாமிய நம்பாத மாதிரின்னு நெனச்சேன். வெசாரிச்சிருந்தா அந்தத் தெருவுல மொத ஊட்லயே சொல்லியிருப்பாங்க, அவன் எப்படிப்பட்டவன்னு."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இந்தத் தடவை எனக்காக நிற்பதுபோல் நடிக்கவில்லை.

"கேக்கறதுக்கும் பயமா இருக்குதுங்க. கேக்காம உடறதுக்கும் பயமா இருக்குது. என்ற கையில கட்ட வேண்டாம், உங்க கையில கட்டீட்டு வரட்டும்னுதான் வழக்கம் கிழக்கம்னு சொல்லிப்போட்டேன். அப்படி ஒரு வழக்கம் கெடையாதுங்க."

புளிச்சோற்றுப் பாறையில் இந்த மனுஷன் சொன்னபோது நான் நிறத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "தண்ணி குடிக்கறீங்களா?" என்றேன். குடித்தார்.

பிறகுதான் இருவரும் சுற்றிலும் பார்த்தோம். நாங்கள் நின்றது சின்னக் கொண்டை. ஒரு சர்வே கல், காய்ந்த புல், அவ்வளவுதான். நடுவே ஆழமான பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் பெரிய கொண்டை. அதன் உச்சியில் காவியும் வெள்ளையும் பட்டை அடித்த சுவர் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. யாரோ மணி அடித்தார்கள். கை அசைவது முதலில் தெரிந்து, சத்தம் பிறகு வந்தது. மணி இரண்டு தாண்டிவிட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் யானைதான் எங்களுக்குப் பூ வாக்குச் சொல்லும்.

"இங்கிருந்தே கேட்டுக்கலாமுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "அங்கிருந்து சாமிக்குத் தெரியாதுங்களா. ஆனா இந்த வாட்டி கள்ளம் வேண்டாம். ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. செவப்பு வந்தாச் சரி."

இதை எதிர்பார்த்து நான் வரவில்லை. மறுபடியும் பாதிக்குப் பாதி. வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே ஏமாற்றிப் பிடிபட்டவன், என்ன முகத்தோடு சொல்வது?

அவர் உண்ணிப்பூவை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செவப்புங்களா?"

"செவப்பு மாதிரிங்க."

"செவப்புன்னே வெச்சுக்கலாம்" என்றார் யோசிக்காமல். அந்த ஒரு சொல்லில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நான் இலையை மடிக்க, அவர் நாரைக் கட்டினார். அவர் துண்டுக்குள் போட்டுக் குலுக்கினோம். எது எதென்று எங்கள் இருவருக்குமே தெரியாத மாதிரி சர்வே கல் மேல் வைத்தோம். இருவரும் பெரிய கொண்டையைப் பார்த்துக் கும்பிட்டோம். நான் கண்ணை மூடிக்கொண்டு, நித்யஸ்ரீ காலரைச் சரிசெய்ததை நினைத்துக்கொண்டேன். சும்மா போய்விட்டு வந்தால் போதும் என்று சொன்ன பிள்ளை.

"யாரு எடுக்கறதுங்க?" என்றேன் கண்ணைத் திறக்காமல்.

"நீங்க எடுங்க."

"இல்லீங்க, நீங்க எடுங்க."

"பொண்ணப் பெத்தவரு நீங்க எடுக்கறதுதான்..."

"பெரியவங்க நீங்க இருக்கீல நான் எப்படிங்க..."

சரக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், ஒரு குரங்கு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. எங்களுடைய மரியாதை முடியும்வரை காத்திருக்க அதற்குப் பொறுமை இல்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து முகர்ந்தது, கடைவாயில் கவ்வியது, பள்ளத்துப் பக்கம் ஒரு மரத்துக்குத் தாவியது. இலைகளுக்குள் அது பொட்டலத்தைக் கிழிப்பது கேட்டது. பூ தெரியவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து எனக்குக் குரங்கின் நிறமே தெரியவில்லை.

கல்லின் மேல் மீதி ஒரு பொட்டலம்.

"இப்ப எதுங்க கணக்கு?" என்றேன். "கொரங்கு எடுத்ததா, உட்டுட்டுப் போனதா?"

வெள்ளியங்கிரி குரங்கு போன மரத்தைப் பார்த்தார். "எடுத்ததுதான் வாக்குங்க. ஆனா சாமி நமக்குன்னு வெச்சது இதுவாக்கூட இருக்கலாம்."

"எடுத்தது செவப்புன்னா, இது வெள்ள."

"ஆமாங்க."

"எடுத்தது வெள்ளைன்னா, இது செவப்பு."

"ஆமாங்க."

"அப்பப் பிரிச்சுப் பாத்தா, செவப்பு இருந்தா நல்லதுங்களா கெட்டதுங்களா?"

அவர் அந்தப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தார். சட்டைப்பையில் போட்டு, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"பிரிச்சுப் பாக்கலீங்களா?"

"போன தடவ பிரிச்சுப் பாத்தேனுங்க" என்றார்.

என் மூங்கில் தடியை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்க ஆரம்பித்தார். என் மகளுக்கு ஆமாமா இல்லையா என்று தெரியாமலே நானும் பின்னால் இறங்கினேன். நூறு அடி போயிருப்போம். அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ஏனுங்க, உங்க அம்மிணிக்குக் கோவம் வந்தா என்ன பண்ணும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. நித்யஸ்ரீயைப் பற்றி அவர் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

"மூணு நாளு பேசாதுங்க" என்றேன். "நாலாம் நாளு, அந்த மூணு நாளுக்கும் சேர்த்துப் பேசும்."

"சமைக்குமுங்களா?"

"ரசம் வெக்கும். அத ரசம்னு நாம சொல்லோணும்."

அவர் தோள் குலுங்கியது. நானும் கேட்டேன். "தம்பி எப்படிங்க? உள்ளதச் சொல்லுங்க."

"சாப்ட்ட தட்டக் கழுவி வெச்சுரும். அவங்கம்மாகிட்டப் பொய் சொல்லும், என்றகிட்டச் சொல்லாது. காச்சல் வந்தா ஊட்டையே ரெண்டு பண்ணிப்போடும். அப்பறம், அக்கா பொட்டியோட வந்த அன்னைக்கு, ஒரு வார்த்த கேக்காம அவ ரூமுக்கு ஃபேன் மாட்டீட்டு இருந்தானுங்க."

அதற்குப் பிறகு வழியெல்லாம் கேள்விதான். நித்யஸ்ரீ வண்டி ஓட்டும் வேகம், என் சர்க்கரை, அவருடைய முழங்கால், என் வீட்டுக்காரம்மாவின் நாக்கு, எதையும் விடவில்லை. நானும் விடவில்லை. இடையில் எப்போதோ ஒரு சுண்ணாம்புக் கல் காலில் தட்டியது. பாதைக்கு எப்படி வந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேச்சு மும்முரத்தில் யாரும் யாரையும் முன்னால் போகச் சொல்லவில்லை.

அடிவாரத்தில் மணி நாலே கால். ஐயாசாமி நோட்டை மூடாமல் வைத்துக்கொண்டு முறைத்தார்.

"சாமி பாத்தீங்களா?"

"பாத்தோமுங்க" என்றேன்.

"கிட்டப் போகலீங்க" என்றார் வெள்ளியங்கிரி.

ஐயாசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தார்.

என் கார் அருகே போனதும் வெள்ளியங்கிரி போனை எடுத்து மிதுனைக் கூப்பிட்டார். நான் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணு, கேட்டாச்சு" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டான். இவர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "வெள்ளையா செவப்பான்னு உனக்கெதுக்கு? நல்லாக் கேட்டாச்சு. தையில வெச்சுக்கலாம்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, காருக்குள்ள இன்னொரு பாட்டிலு தண்ணி இருக்குதுங்களா?"

இருந்தது. கொடுத்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் கொடுத்த கையே சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரம்மா கேட்டாள், என்ன பூ வந்தது என்று. குரங்கைத்தான் கேட்க வேண்டும் என்றேன். களைப்பில் உளறுகிறேன் என்று நினைத்துச் சுடுதண்ணீர் வைக்கப் போனாள். நித்யஸ்ரீ அதற்குள் மிதுனிடம் பேசி முடித்திருந்தாள். என் கையில் இருந்த முள் கீறலுக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள்.

"சும்மாதானே போயிட்டு வந்தீங்க அப்பா?"

"சும்மாதான் கண்ணு" என்றேன். எந்தப் பொட்டலத்தை யார் எடுத்தது என்று மனசுக்குள் இன்னொரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.